ஒண்ணாம் நம்பர் வரும்

அந்த ஆளை 'அவன்' என்று எழுதத்தான் கை போகிறது. அம்மா வளர்த்த வளர்ப்பு, மூத்தவர்களை அப்படிச் சொல்ல விடாது. அதனால் 'அவர்' என்றே எழுதித் தொலைக்கிறேன். பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. வீட்டில் இருப்பவர்கள் படித்து வருத்தப்படுவார்களே என்ற இரக்கமெல்லாம் இல்லை. அச்சில் வருகிற அளவுக்கு அந்தப் பெயர் ஒன்றையும் சாதிக்கவில்லை, அவ்வளவுதான்.

திண்டிவனத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே அவருடைய கடை. விழுப்புரத்தைத் தனி மாவட்டமாகப் பிரித்த புதிது. கடை என்று சொல்வதே அதிகம், ஒரு தகரப் பெட்டி. நோட்டு, பேனா, ரப்பர், கமர்கட்டு, பபுள்கம். அதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். எதைக் கேட்டாலும் முதலில் மேலே ஒரு பார்வை, பிறகு உதட்டைப் பிதுக்கி ஒரு பெருமூச்சு. அதற்கப்புறம் அந்த வார்த்தை.

"இப்ப இல்ல பாப்பா. வரும்."

பொருள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். பெஞ்சுக்கு அடியில் இருக்கும். சில நாள் அவர் அதன்மேலேயே உட்கார்ந்திருப்பார். கணக்குப் பரீட்சை அன்று காலையில் கிராஃப் தாள் கேட்டுப் பாருங்கள், தெரியும். முந்தின நாள் வரை நாலணா. பரீட்சை அன்று எட்டரை மணிக்கு, "தீந்துடுச்சே." ஒன்பது மணிக்கு, மணி அடிக்கப் போகிற நேரத்தில், பிள்ளைகள் அழுகிற நிலைக்கு வந்த பிறகு, "ஒரு பத்து தாளு இருக்குது. எனக்குன்னு எடுத்து வச்சது. ஒரு ரூவா ஆவும்." எங்கள் கணக்கு வாத்தியாரே ஒருமுறை ஒரு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு, திட்டிக்கொண்டே போனார். திட்டினால் என்ன? அவருக்குத்தான் அதெல்லாம் தோலில் ஒட்டாதே.

மதியச் சாப்பாட்டைக்கூட மேஜை டிராயருக்குள் வைத்துத்தான் சாப்பிடுவார். டிராயர் பாதி திறந்திருக்கும், கை உள்ளே போகும், வாய்க்கு வரும். என்ன குழம்பு என்று ஒரு ஈக்குக்கூடத் தெரியாது. கடையில் ஒரு மண்பானை உண்டு, மேலே கோணி போட்டு மூடியிருப்பார். வெயிலில் வந்து தண்ணி கேட்டால், "காலியாய்டுச்சி பாப்பா" என்பார். பானையின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் ஒழுகிக்கொண்டிருக்கும். அவர் சம்சாரம் ஒருநாள் கடை வாசலில் நின்று, எங்கள் எதிரிலேயே கத்தினார்: "வூட்டு சக்கர டப்பாவ எங்க ஒளிச்சி வச்சிக்கிற? பெத்த புள்ளைக்கு ஒரு வாய் காப்பி போட வழியில்ல. நீயெல்லாம் ஒரு ஆம்பள!" அவர் அதற்கும் பெருமூச்சுதான் விட்டார்.

அதற்கு முன்னால் மல்லாட்டை கமிட்டியில், விவசாயிகள் வேர்க்கடலை மூட்டைகளைக் கொண்டுபோய் விற்கிற இடத்தில், எடை போடுகிற வேலையில் இருந்தாராம். சரக்கு குறைந்தால் விலை ஏறும் என்பதை அங்கே கற்றுக்கொண்டிருக்கிறார். சரக்கு குறையாவிட்டால் குறைத்துவிடலாம் என்பது மட்டும் அவர் சொந்தக் கண்டுபிடிப்பு.

அப்போதுதான் கார்டு வந்தது. ஒரு ரூபாய் பபுள்கம் வாங்கினால் உள்ளே ஒரு மல்யுத்த வீரன் படம். படத்துக்குக் கீழே அவனுடைய ரேங்க், உயரம், எடை, மார்பு, புஜம். ஆளுக்குக் கொஞ்சம் கார்டு வைத்துக்கொண்டு உட்காருவோம். மேல் கார்டைப் பார்த்து ஒருத்தர் 'எடை' என்று கூப்பிட்டால், யாருடைய ஆள் அதிக எடையோ அவருக்கு இரண்டு கார்டும். ரேங்க் என்று கூப்பிட்டால் சின்ன எண் ஜெயிக்கும். ஒண்ணாம் நம்பர் கையில் இருந்தால், ரேங்க் என்று கூப்பிட்டே ஆட்டத்தை முடித்துவிடலாம். மொத்தம் அறுபத்து நாலு கார்டு. பையன்களோடு சரிக்குச் சரி உட்கார்ந்து ஆடிய ஒரே பெண் நான்தான். அறுபத்து நாலு பேரின் உயரமும் எடையும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். பாடம்கூட அப்படித் தெரியாது.

ஒண்ணாம் நம்பர் மட்டும் எந்த பபுள்கம்மிலும் வரவில்லை. தாடியில் பின்னல் போட்ட ஒரு குள்ளன் அவன், பபுள்கம் டப்பாவின் மேல் படத்தில் மட்டும் சிரிப்பான். பையன்கள் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்த காசையெல்லாம் கொட்டிப் பார்த்தார்கள். வாயெல்லாம் பபுள்கம், கையில் ஒண்ணாம் நம்பர் மட்டும் இல்லை. ஒருநாள் நான் பிரித்த பொட்டலத்தின் மடிப்பில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. நேரே எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"இன்னாண்ணா இது? பபுள்கம்முல சோறு இருக்குது?"

ஒரு விநாடி பார்த்தார். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை.

"கம்பெனிக்காரன் சாப்ட்டுக்கினே பேக் பண்ணியிருப்பான் பாப்பா. பாவம், அவனுக்கும் வயிறு இருக்குதில்ல."

அடப் பாவி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பொட்டலத்தைப் பிரிப்பது, ஒண்ணாம் நம்பரை எடுத்துக்கொள்வது, வேறொன்றை வைத்துச் சோற்றால் ஒட்டுவது. வீட்டில் குழந்தைக்கு ஊட்ட வேண்டிய சோறு.

அடுத்த வாரமே கடை வாசலில் ஒரு சிலேட்டு தொங்கியது. 'ஒண்ணாம் நம்பர், இன்றைய ரேட் 10.' கமிட்டியில் மல்லாட்டை ரேட் எழுதிப் போடுவார்களே, அதே மாதிரி சாக்பீஸில், கீழே கோடு போட்டு. பத்து பதினைந்தாச்சு, பதினைந்து இருபத்தைந்தாச்சு. இதற்கு நடுவில் இன்னொரு வேலை செய்தார். பின்பக்கம் நீலமாக இருந்த கார்டெல்லாம் பழசு, இனிமேல் சிவப்பு முதுகு கார்டுதான் ஆட்டத்தில் செல்லும் என்றார். யார் இவர், சட்டம் போட? ஆனால் அவர் கடை வாசலில்தான் ஆடினோம், அவர் சொன்னதைத்தான் கேட்டோம். சேர்த்து வைத்த நீலக் கார்டுகளைப் பையன்கள் ஏரிக்கரையில் கொண்டுபோய் வீசினார்கள். ரியாஸ் என்று கோட்டக்குப்பத்துப் பையன் ஒருவன், திண்டிவனத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்தான். அவன் அப்பா துபாயிலிருந்து ஒரு பெட்டி கார்டே அனுப்பியிருந்தார், பளபளவென்று. அதையும் செல்லாது என்றுவிட்டார். "வேற நாட்டு காசு இங்க செல்லுமா தம்பி? அப்புறம் இது மட்டும் எப்பிடி செல்லும்?"

கார்டு விலை ஏற ஏற, பையன்கள் சலித்துப் போய்விடக் கூடாதே. அதற்குத்தான் சைக்கிள்.

ஐப்பசி மாதம் ஒருநாள் போய்ப் பார்த்தால், கடைக் கூரையில் கொக்கி போட்டு ஒரு சிவப்பு லேடீஸ் சைக்கிள் தொங்குகிறது. பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. காணும் பொங்கல் அன்று பெரிய போட்டி, ஜெயித்தால் சைக்கிள். ஆளுக்குப் பத்து கார்டு, எல்லாம் சிவப்பு முதுகு, அதில் ஒண்ணாம் நம்பர் கட்டாயம் இருக்க வேண்டும். "அப்பதான் சரிசமமான போட்டி" என்றார். அன்றைக்கு ரேட் நாற்பது.

எனக்கு அந்த சைக்கிள் வேண்டும். மற்றவர்களுக்கு அது ஆசை, எனக்கு அது பள்ளிக்கூடம். எங்கள் ஊர் மரக்காணம் ரோட்டிலிருந்து உள்ளே போகணும், திண்டிவனத்துக்கு ஏழு கிலோமீட்டர். அந்த வருஷ மழையில் தரைப்பாலம் உடைந்து, வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸும் நின்றுவிட்டது. நடந்து போய் நடந்து வந்தேன். அப்பா ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒம்பதாவது எப்பிடியோ முடிச்சிடு. பத்தாவதுக்கு சைக்கிள் இருந்தா போ, இல்லன்னா நின்னுக்கோ. பொட்டப்புள்ள தனியா அந்த முந்திரிக்காட்டு வழியா நடந்து வர்றத நெனச்சா எனக்கு ஒரு வேலையும் ஓடல."

வாங்கித் தர அவரால் முடியாது. அது எனக்கும் தெரியும், நான் கேட்கவும் இல்லை. போட்டியைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நீ ஆடுனா ஜெயிப்பியா?" என்றார். ஜெயிப்பேன் என்றேன்.

மார்கழிப் பட்டத்துக்கு விதை மல்லாட்டை உடைக்கிற காலம். படிக்கு அரை ரூபாய் கூலி. பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்தால், கட்டைவிரல் நகக்கண் கிழிகிற வரை உடைப்பேன். எண்பது படி உடைத்து நாற்பது ரூபாயை எடுத்துக்கொண்டு போனால், சிலேட்டில் அறுபது.

"அண்ணா, போன வாரம் நாப்பதுன்னுதானே போட்டிருந்தீங்க?"

"போன வாரம் ரெண்டு இருந்திச்சி பாப்பா. இப்ப ஊருக்கே ஒண்ணுதான் இருக்குது. அப்ப ரேட்டு ஏறுமா, எறங்குமா? நீயே சொல்லு. கணக்குல கெட்டிக்காரியாச்சே."

மறுபடி நாற்பது படி. அறுபதோடு போனால் எழுபத்தைந்து. எங்கப்பா மூட்டையோடு கமிட்டிக்குப் போனால் ரேட் இறங்கும், நான் காசோடு கடைக்குப் போனால் ரேட் ஏறும். எங்கள் குடும்பத்துக்கென்று அப்படி ஒரு ராசி. போகிப் பண்டிகை அன்று எழுபத்தைந்தைக் கொடுத்து அந்தக் குள்ளனை வாங்கினேன். டிராயருக்குள் கையை விட்டு, வெளியே பார்த்துக்கொண்டே தடவி எடுத்தார். "யார்கிட்டயும் சொல்லாத. கடைசி ஒண்ணு" என்றார்.

காணும் பொங்கல் அன்று மூடிக் கிடந்த ஒரு அரிசி மில் வாசலில் பதினாறு பேர் உட்கார்ந்தோம். கார்டுகளைச் சரிபார்க்க விரித்து வைத்தபோது, பதினாறு பேரிடமும் ஒண்ணாம் நம்பர் இருந்தது. அது இல்லாமல் ஆடவே முடியாது என்றவர் ஊருக்கே ஒண்ணு என்று விற்றபோது, ஒருத்தரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

"டேய், உன்கிட்டயும் இருக்குதா?"

"ஊருக்கே ஒண்ணுன்னு சொன்னாருடா!"

"என்கிட்டயும் அதான்டா சொன்னாரு! தொண்ணூறு ரூவா குடுத்தேன்டா!"

ஒரே கூச்சல். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கடைசி நேரத்துல ஸ்டாக் வந்துடுச்சி. உங்க அதிர்ஷ்டம். ஜல்தி ஆரம்பிங்க" என்றார். வெட்கம், மானம் ஏதாவது இருக்க வேண்டுமே. உட்கார்ந்த பிறகு இன்னொரு சட்டம் சொன்னார்: இரண்டு பேர் கார்டும் சமமாக இருந்தால், இரண்டும் கடைக்கு.

எல்லோரும் ஒண்ணாம் நம்பர் வந்ததும் ரேங்க் என்று கூவினார்கள். எதிரே இருந்தவனும் அதையே வைத்திருந்தால் சமம், இரண்டு குள்ளன்களும் அவர் டப்பாவுக்குள் போனார்கள். விற்ற சரக்கே திரும்பி வந்தது, மறுநாள் மறுபடி விற்கலாம். நான் என் எழுபத்தைந்து ரூபாய்க் குள்ளனை அடியில் போட்டேன். என்னிடம் இருந்ததெல்லாம் மற்றவர்கள் வேண்டாம் என்று எறிந்த கார்டுகள். அதில் ஒருவன், நாற்பத்தேழாம் ரேங்க், ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். அறுபத்து நாலு பேரில் அவனைவிட உயரமானவன் கிடையாது. இன்னொருவன் தொந்திக்காரன், எடையில் அவனை அசைக்க முடியாது. எந்தக் கார்டை எந்த இடத்தில் எதற்குக் கூப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நாலு சுற்று. கடைசியில் ரியாஸ். அவனுடைய குள்ளனை என் ஒட்டடைக்குச்சி உயரத்தில் அடித்தபோது, தோற்ற அவனே துள்ளிக் குதித்தான். "ஏ, ஜெயிச்சிட்ட புள்ள! சைக்கிள் உனக்குத்தான்!"

நான் நேரே கடைக்கு ஓடினேன். பின்னாலேயே அவர் மெதுவாக வந்தார். அண்ணாந்து சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"இது சாம்பிளு பாப்பா. பாக்கறதுக்கு வச்சது. உன்னுது விழுப்புரத்துல சொல்லி வச்சிருக்குது. வரும்."

ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய் நின்றேன். செயின் வரவில்லை என்றார். பெல் மாட்டுகிறார்கள் என்றார். "லாரில ஏத்தியாச்சி, வந்துக்கினே இருக்குது" என்றார். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. சாம்பிள் தலைக்கு மேலே பாலிதீனோடு ஆடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் அப்பாவே கூட வந்தார். அந்தத் தகரப் பெட்டி முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"வரும்னுதானே சொல்றேன்? வராதுன்னு என்னிக்காவது சொன்னேனா?" என்றார் அந்த ஆள்.

திரும்பி நடக்கும்போது முந்திரிக்காட்டு ஓரத்தில் அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் சித்திரையிலயே ஆஸ்டலுக்கு எழுதிப் போட்டிருப்பேன். இப்ப அதுவும் முடிஞ்சிப் போச்சி." என் வகுப்பு முழுக்கப் பத்தாவது படித்த அந்த வருஷம், நான் வீட்டில் மல்லாட்டை உடைத்தேன். மறு வருஷம் பாலம் கட்டி, பஸ் வந்து, என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து பத்தாவது எழுதினேன். ஒரு வருஷம்தானே என்பார்கள். பறிகொடுத்தவளுக்குத்தான் தெரியும்.

இப்போது விழுப்புரத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், நாலு கம்ப்யூட்டர். சாயங்காலமானால் பையன்கள் வந்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் கார்டு விளையாட்டு. காசு கட்டி 'பேக்' வாங்கினால் திரையில் ஐந்து கார்டு திறக்கும், பெரிய கார்டு எப்போதாவது ஒருமுறை வரும். அந்த பேக்குக்கான கூப்பன் நம்பர்களை நான்தான் வாங்கி விற்கிறேன். போட்டி நடக்கிற சனி, ஞாயிறில் பத்து, இருபது சேர்த்து விற்பேன். வாடகை கொடுக்க வேண்டாமா?

பள்ளிக்கூட லீவில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பையன்கள் காலையிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தபோது, அவர் வந்தார். தலையெல்லாம் பஞ்சு, கையில் ஒரு மஞ்சள் பை. வளவனூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அந்தப் பெருமூச்சு போதுமாக இருந்தது.

"பேத்தி காலேஜில சேரப் போவுதும்மா. வருமானச் சான்றிதழ் இன்னிக்கி குடுத்தாத்தான் சலுகையாம். மூணு மணியோட முடிஞ்சிடுமாம். வந்துடுச்சா பாரும்மா."

விண்ணப்ப எண்ணைத் தட்டினேன். வந்திருந்தது. கையெழுத்தோடு, சீலோடு. பிரிண்ட் கொடுத்தேன், தாள் வெளியே வந்தது. அதை எடுத்துக் கீபோர்டுக்கு அடியில் வைத்தேன்.

"இன்னும் வரலீங்க. வரும்."

பொய் சொல்வானேன், இனித்தது. முப்பது வருஷமாக வாயில் வைத்திருந்த வார்த்தை. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி ஒன்றே முக்கால். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "வந்துடுச்சாம்மா?" என்பார். "வரும்" என்பேன். நடுவில் எழுந்து போய்ப் பையன்கள் ஆடுவதைப் பார்க்க ஆரம்பித்தார். என்ன அது என்று ஒரு பையனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கோவிலில்கூட அவர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

"காயிதமே இல்லாம கார்டு விக்கிறாங்களாம்மா? யப்பா! பெரிய ஆளுங்கதான். நாங்கல்லாம் ஒவ்வொரு பொட்டலமா பிரிச்சி, சோத்த வச்சி ஒட்டிக்கினு கெடந்தோம்."

என் கை கீபோர்டில் நின்றுவிட்டது. "ஒரு சைக்கிள் தொங்குமே உங்க கடையில. அத யாருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

உனக்கெப்படித் தெரியும் என்றுகூடக் கேட்கவில்லை. திண்டிவனத்துப் பிள்ளை எவளோ என்று நினைத்திருப்பார். "அதுவா? அத யாருக்குக் குடுப்பாங்க. துருப்புடிச்சி எடைக்குப் போட்டேன். அது தொங்குற வரைக்கும்தான் கடை. இல்லன்னு மட்டும் சொல்லக் கூடாதும்மா. இல்லன்னா எழுந்து போயிடுவாங்க. வரும்னு சொல்லணும்."

ஜெயித்தவள் யார் என்று கேட்டிருக்கலாம். என்னை யாரென்று சொல்லி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். வாயைத் திறக்கும்போது மூலைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான்.

"அக்கா, நாளைக்குப் போட்டி இருக்குது. புது பேக் கூப்பன் இருக்குதாக்கா?"

பதினெட்டுக் கூப்பன் நம்பர் என் டிராயரில் இருந்தது.

"இப்ப இல்லடா. வரும்" என்றேன்.

அவர் பார்வை என் டிராயருக்குப் போனது. பிறகு என் முகத்துக்கு வந்தது. பொக்கை வாயால் சிரித்தார். தொழிலில் கூடப் பிறந்தவளைப் பார்க்கிற சிரிப்பு.

"நல்லா கடை நடத்துறம்மா" என்றார்.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மணி இரண்டரை. கீபோர்டைத் தூக்கித் தாளை எடுத்து நீட்டினேன். அவர் அதை நாலாக மடித்து, பையில் வைக்காமல், சட்டைக்குள் பனியனுக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

"எப்பம்மா வந்துச்சி?"

"இப்பதாங்க" என்றேன்.